‘எ ஃபியூ’, ‘ஃபியூ’: 11 வருடம் புழங்கிய அனுபவம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் 11 வருடமாக மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுவதே பாதி வேலை. சின்னது, கொஞ்சம், லேசானது என்று சொல்ல ஆங்கிலத்தில் இருக்கும் சொற்களைத்தான் அதிகம் புழங்கியிருக்கிறேன். சிக்கல் வந்ததும் அவற்றில்தான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், செக்கிங்கில் சில டி-ஷர்ட்களில் ஆயில் கறை தெரிந்தது. பையரை உஷார்படுத்த நினைத்து, ‘ஃபியூ பீசஸ் ஹேவ் ஆயில் ஸ்டெயின்ஸ்’ என்று எழுதினேன். அவர் எதுவும் கேட்கவில்லை. கறை இருப்பதே அபூர்வம் என்று படித்துக்கொண்டார். இன்ஸ்பெக்‌ஷனில் கறை அகப்பட்டபோது, ஏன் முன்பே சொல்லவில்லை என்றார். சொல்லியிருந்தேன். முன்னால் ‘எ’ போடாமல் சொல்லியிருந்தேன்.

அப்புறம் எனக்குக் கைகொடுத்தது நம் ‘தான்’. ‘கொஞ்சம் பால் இருக்கு’ என்றால் காபி போடலாம். ‘கொஞ்சம்தான் பால் இருக்கு’ என்றால் கடைக்குப் போக வேண்டும். முதலாவது ‘எ லிட்டில்’, அடுத்தது வெறும் ‘லிட்டில்’. எண்ணக்கூடிய பொருளுக்கு ‘எ ஃபியூ’, ‘ஃபியூ’. தமிழில் ‘தான்’ வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் ‘எ’ போய்விடும். மெயிலை அனுப்புமுன் மனசுக்குள் இப்படிச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன், இதுவரை பிசகியதில்லை. ‘குவைட் எ ஃபியூ’ மட்டும் தனி. அதற்கு ‘நிறைய’ என்று பொருள்.

‘மைனர்’ எங்கள் தொழிலில் ரொம்பக் கவனமாகத் தொட வேண்டிய சொல். ஏ.க்யூ.எல். (எவ்வளவு குறை வரை சரக்கை ஏற்கலாம் என்ற வரம்பு) இன்ஸ்பெக்‌ஷனில் குறைகளை கிரிட்டிக்கல், மேஜர், மைனர் என்று பிரிப்பார்கள், அந்த வரம்பை மேஜருக்கு 2.5, மைனருக்கு 4.0 என்று வைப்பது பரவலான வழக்கம். துணியில் கடுகளவு ஓட்டை இருந்தாலும் அது பெரும்பாலும் மேஜர்தான். அதனால் அளவைச் சொல்ல ‘ஸ்மால்’ போதும். மில்லிமீட்டரில் அளந்து எழுதிவிட்டால் இன்னும் நல்லது. ஷேடு லேசாக மாறினால், ஷிப்மென்ட் சற்றுத் தள்ளிப்போனால் ‘ஸ்லைட்’ பொருந்தும்.

‘மிகச் சிறிய’ என்பதற்கு ஒரு சொல் உண்டு, எழுத்தில் நிமிடத்தைக் குறிக்கும் ‘மினிட்’ போலவே இருக்கும். அதை ‘மைன்யூட்’ என்று வாசிக்க வேண்டும். போனில் பேசும்போது நான் ‘டைனி’ என்றே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி ‘வி ஹேவ் ஃபியூ டவுட்ஸ்’ என்று எழுதிவைத்திருந்தான்.

“சந்தேகம் கொஞ்சம் இருக்கா, கொஞ்சம்தான் இருக்கா?”

“ஏழு இருக்குதுங்க்கா.”

‘எ’ சேர்த்து, ஏழையும் வரிசையாகப் போட்டு அனுப்பினோம்.