ஜாவாவில் டயலாக் பாக்ஸ்: ஆயத்தப் பெட்டியா, சொந்த சப்கிளாஸா?

ஜாவாவில் திரையோடு இயங்கும் நிரல் எழுதத் தொடங்கும் மாணவர் எவருக்கும் முதல் சில வாரங்களிலேயே ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. பயனரிடமிருந்து ஏதோ ஒரு விவரத்தைக் கேட்டுப் பெற வேண்டும். அதற்காகத் திரையில் தனியாகத் திறக்கும் சிறு சாளரம்தான் டயலாக் பாக்ஸ். ஜாவாவின் திரைக்கூறுகள் தொகுப்பான ஸ்விங்கில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஜேஆப்ஷன்பேன் போதுமா, வெறும் பெட்டியை மட்டும் தரும் ஜேடயலாக் என்ற கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்து, அதாவது அதன் வசதிகளை அப்படியே பெற்று விரித்து, சொந்தமாக ஒரு சப்கிளாஸ் எழுத வேண்டுமா, அல்லது எதையும் எக்ஸ்டெண்ட் செய்யாமல் சாதாரண கிளாஸ் ஒன்றுக்குள் ஜேடயலாக்கை ஓர் உறுப்பாக வைத்துக்கொள்வது நல்லதா? அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றுக்கு நெல் வரவுக் கணக்கு மென்பொருள் எழுதியபோது இந்த மூன்றில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பாளையங்கோட்டையில் வார இறுதியில் என்னிடம் படிக்க வரும் பாலிடெக்னிக் மாணவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் ஆயத்தப் பெட்டி. பல கட்டங்களை நிரப்ப வேண்டிய படிவம் என்றால் சொந்த சப்கிளாஸ்.

ஸ்விங் பழையது என்பது உண்மைதான். 1998 டிசம்பரில் ஜாவா 1.2 உடன் வந்தது அது. ஆனாலும் இன்றைக்கும் ஜாவா நிரல் எழுதத் தேவையான கருவித் தொகுப்பான ஜேடிகேயை நிறுவினால் கூடவே வருகிறது. தனியாக எதையும் தரவிறக்கத் தேவையில்லை. அதற்குப் பின் வந்த திரைத் தொகுப்பான ஜாவாஎஃப்எக்ஸோ 2018-இல் வெளியான ஜாவா 11 முதல் ஆரக்கிளின் ஜேடிகேயோடு சேர்ந்து வருவதில்லை. அதில் நான் சிறு பயிற்சிகளுக்கு மேல் செய்ததில்லை என்பதால் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

ஆயத்தப் பெட்டியின் வசதிகளை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரே வரியில் செய்தி காட்டலாம், ஆம் அல்லது இல்லை என்று கேட்கலாம், ஒரு சொல்லையோ எண்ணையோ வாங்கலாம். எஸ்கேப் விசையை அழுத்தினால் மூடிக்கொள்ளும். பொத்தான்களில் வரும் ஆங்கிலச் சொற்களையும் ஸ்விங்கின் தோற்ற அமைப்புகளை வைத்திருக்கும் யுஐமேனேஜரில் ஓரிரு வரிகள் சேர்த்துத் தமிழாக்கிவிடலாம். நீக்கலாமா, வெளியேறலாமா என்பது போன்ற கேள்விகளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

படிவத்துக்கும் இதையே பயன்படுத்தத் தொடங்கும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. மாணவர்களின் புராஜெக்ட்டுகளில் அடிக்கடி காணும் அமைப்பு ஒன்று உண்டு. விவசாயியின் பெயருக்கு ஒரு பெட்டி, அதை மூடியதும் நெல் ரகத்துக்கு ஒன்று, பிறகு மூடை எண்ணிக்கைக்கு ஒன்று, கடைசியில் எடைக்கு ஒன்று என்று வரிசையாகத் திறக்கும். நான்காவது பெட்டிக்கு வந்த பிறகு இரண்டாவதில் ரகத்தை மாற்றிக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் திரும்பிப் போக வழியில்லை. பயனர் இடையில் கேன்சலை அழுத்தினால் கிடைக்கும் விடை ‘நல்’, அதாவது மதிப்பே இல்லை. அதை அப்படியே எண்ணாக மாற்ற முயன்றால் நிரல் பிழையில் விழும். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றிருக்கிறது. சரத்தை முழு எண்ணாக மாற்றும் இன்டிஜரின் பார்ஸ்இன்ட் மெத்தடுக்கு (மெத்தடு என்பது ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) ‘நல்’ கொடுத்தால் நம்பர்ஃபார்மட் எக்ஸெப்ஷன் என்ற பிழை வரும். தசம எண்ணாக மாற்றும் டபிளின் பார்ஸ்டபிள் மெத்தடுக்கு அதே ‘நல்’லைக் கொடுத்தால் நல்பாயின்டர் எக்ஸெப்ஷன் வரும். முதல் வகைக்கு மட்டும் பிழையைப் பிடிக்கும் கேட்ச் எழுதியிருக்கும் மாணவரின் நிரல் மூடை எண்ணிக்கையில் தப்பிவிடும், எடையில் மாட்டிக்கொள்ளும்.

இதற்கு ஓர் இடைவழி உண்டு. கட்டங்களையெல்லாம் ஜேபேனல் என்ற ஒரு பலகையில் அடுக்கி, அந்தப் பேனலையே செய்தியாக ஜேஆப்ஷன்பேனின் ஷோகன்ஃபர்ம்டயலாக்கிடம் கொடுத்துவிடலாம். ஒரே பெட்டியில் படிவம் முழுவதும் தெரியும். எழுத வேண்டிய வரிகளும் குறைவு. எப்போதாவது ஒருமுறை திறக்கும் அமைப்புகள் பக்கத்துக்கு இந்த முறையையே பரிந்துரைப்பேன். ஆனால் இதில் இரண்டு குறைகள் உள்ளன. பெட்டி திறந்ததும் கர்சர் முதல் கட்டத்தில் நிற்பதில்லை, ஓகே பொத்தானில் போய் நிற்கிறது. ஆகவே பெட்டியைப் பார்த்தவுடன் தட்டச்சத் தொடங்குபவரின் எழுத்துகள் கட்டத்துக்குள் வந்து சேராது. அடுத்தது இதைவிடப் பெரிய குறை. ஓகே அழுத்தியதும் உள்ளே இருக்கும் விவரம் சரியோ தவறோ, பெட்டி மூடிக்கொள்ளும். எடை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் எச்சரிக்கை காட்டிவிட்டு, அதே பேனலை மறுபடி திறக்கும் லூப் ஒன்றை ஒவ்வொரு படிவத்துக்கும் நாம்தான் எழுத வேண்டும்.

ஜேடயலாக்கின் சப்கிளாஸ் என்றால் இந்த இரண்டு கட்டுப்பாடுகளும் நம் கைக்கு வந்துவிடுகின்றன. சேமி பொத்தானின் வேலையை நாமே எழுதுவதால் விவரம் சரியாக இருந்தால் மட்டும் பெட்டியை மூடும் டிஸ்போஸை அழைக்கலாம். இல்லையென்றால் பெட்டியைத் திறந்தபடியே விட்டு, தவறான கட்டத்துக்குக் கர்சரைக் கொண்டுபோகலாம். தாய் கிளாஸை அழைக்கும் சூப்பர் அழைப்பில் தாய்ச் சாளரம், தலைப்பு ஆகியவற்றோடு மோடல் (பெட்டி மூடும்வரை மற்றச் சாளரங்களைத் தடுப்பது) என்பதற்கு ‘ட்ரூ’ கொடுத்துவிட்டால், பெட்டியைத் திரையில் காட்டும் செட்விசிபிள் வரியில் நிரல் காத்து நிற்கும். பெட்டி மூடிய பிறகே அடுத்த வரிக்கு நகரும். அந்த அடுத்த வரியில் விடையைத் திருப்பித் தரலாம். விடையைத் தொடக்கத்தில் ‘நல்’ என்று வைத்து, சேமி பொத்தானில் மட்டும் அதற்கு மதிப்புக் கொடுத்தால், மூலையில் உள்ள பெருக்கல் குறியால் மூடினாலும் கேன்சலால் மூடினாலும் ஒரே விளைவுதான். எஸ்கேப் விசைக்கு மட்டும் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஜேடயலாக் அதைத் தானாகக் கவனிப்பதில்லை. தாய்ச் சாளரம் இருக்க வேண்டிய இடத்தில் ‘நல்’ கொடுக்கும் பழக்கம் வேண்டாம். பெட்டி முதன்மைச் சாளரத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டால் நிரல் உறைந்துவிட்டது என்றுதான் பயனர் நினைப்பார்.

இவை ஒரு பெட்டிக்குக் கிடைக்கும் நன்மைகள். என் தேர்வை முடிவு செய்தது இவை அல்ல, பராமரிப்பு. ஆலையில் நெல் வரவுக்கு ஒரு படிவம், தவிடு விற்பனைக்கு ஒன்று, விவசாயிகளுக்குக் கொடுத்தனுப்பும் சாக்குகளின் கணக்குக்கு ஒன்று என்று தேவைப்பட்டது. இவற்றில் மாறுபடுபவை இரண்டே: உள்ளே இருக்கும் கட்டங்கள், அவற்றைச் சரிபார்க்கும் விதி. மற்ற அனைத்தும் பொது. எனவே ஜேடயலாக்கை எக்ஸ்டெண்ட் செய்து அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் ஒன்றை, அதாவது சில மெத்தடுகளைச் சப்கிளாஸ்கள் நிரப்பும்படி விட்டுவைக்கும் ஒரு பொது கிளாஸை எழுதினேன். பொத்தான்கள், எஸ்கேப் விசை, பெட்டியின் இடம், விடையைத் திருப்பித் தருவது ஆகியவை அதில் இருக்கும். படிவத்தை அமைப்பதற்கும் சரிபார்ப்பதற்கும் இரண்டு அப்ஸ்ட்ராக்ட் மெத்தடுகளை வைத்தேன். ஒவ்வொரு படிவமும் அதன் சப்கிளாஸாக அமைந்து அந்த இரண்டை மட்டும் நிரப்பும். ஒன்றை எழுத மறந்தாலும் கம்பைலர் அனுமதிக்காது. புதிதாகக் கற்பவர்களுக்கு இந்தக் கண்டிப்பு மிகவும் உதவுகிறது.

இதன் பலன் பிசானம் எனப்படும் நெல் பருவத்தின் அறுவடையில் தெரிந்தது. மாசி, பங்குனியில் நெல் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது கணக்குப்பிள்ளை மவுஸைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. “எண்டர் தட்டுனா அடுத்த கட்டத்துக்குப் போவணும் தம்பி” என்றார். அடுத்த கட்டத்துக்கு நகரும் விசைகளில் எண்டரையும் சேர்க்கும் சில வரிகளைப் பொது கிளாஸில் எழுதியதும் எல்லாப் படிவங்களிலும் அது வேலை செய்தது. பிறகு ஈரப்பதத்துக்கு ஒரு கட்டம் கேட்டார்கள். அது நெல் வரவுக்கு மட்டும் உரியது. அந்த ஒரு சப்கிளாஸைத் தவிர வேறெதையும் தொடவில்லை. அரசுக் கொள்முதலில் நெல்லுக்கு 17 சதவீதம் வரை ஈரப்பதம் ஏற்கப்படுகிறது. அதே அளவை ஆலையும் கடைப்பிடித்ததால், அதற்கு மேல் எண் வந்தால் பதியலாமா என்று கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கேள்விக்கு நான் பயன்படுத்தியது ஆயத்தமான ஷோகன்ஃபர்ம்டயலாக்தான். சொந்தப் பெட்டியையே தாயாகக் கொடுத்துவிட்டால் அதன் மேலேயே அழகாகத் திறக்கும். இரண்டு முறைகளையும் எதிரெதிராக வைத்துப் பேசினாலும் வேலையில் ஒன்றுக்கொன்று துணையாகவே அமைகின்றன.

தமிழில் பெயர்களை எழுதும்போது இன்னொரு பலனும் உண்டு. ‘மூடை எண்ணிக்கை’, ‘ஈரப்பதம் சதவீதம்’ போன்ற நீளமான பெயர்கள், செட்பவுண்ட்ஸ் கொண்டு அளவைக் கையால் நிர்ணயித்த பெட்டிகளில் பாதியில் வெட்டுப்படும். கட்டங்களை அடுக்கும் லேஅவுட் மேனேஜரும் உள்ளடக்கத்துக்கேற்பப் பெட்டியை அளவாக்கும் பேக் மெத்தடும் பொது கிளாஸிலேயே இருந்துவிட்டால் பெட்டி தன் அளவைத் தானே கண்டுகொள்ளும்.

இந்த முறையில் புதியவர்கள் விழும் ஒரு குழி உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கம்பைலர் இதைப் பிழையாகக் காட்டாது. படிவத்தை அமைக்கும் மெத்தடை, பெட்டியை உருவாக்கும்போது ஓடும் பொது கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரிலிருந்தே அழைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஜாவாவில் தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் முழுவதும் ஓடி முடிந்த பிறகே சப்கிளாஸின் ஃபீல்டுகளுக்கு, அதாவது அதன் உள் மாறிகளுக்குத் தொடக்க மதிப்பு கிடைக்கிறது. எடைக்கான டெக்ஸ்ட்ஃபீல்டை அறிவிக்கும் வரியிலேயே ‘நியூ’ போட்டு உருவாக்கியிருந்தால், படிவத்தை அமைக்கும் நேரத்தில் அது இன்னும் ‘நல்’லாகவே இருக்கும், பேனலில் சேர்க்கும் வரியில் நல்பாயின்டர் எக்ஸெப்ஷன் வரும். இது உடனே தெரிந்துவிடுவதால் பரவாயில்லை. மோசமானது இதன் இன்னொரு வடிவம். அறிவிக்கும் வரியிலும் ‘நியூ’ இருந்து, படிவத்தை அமைக்கும் மெத்தடுக்குள்ளும் ‘நியூ’ இருந்தால் எந்த எக்ஸெப்ஷனும் வராது. முதலில் மெத்தடு உருவாக்கிய டெக்ஸ்ட்ஃபீல்டு பேனலில் சேர்ந்து திரையில் தெரியும். அதன் பிறகு அறிவிப்பு வரி ஓடி, அதே பெயருக்குப் புதிய டெக்ஸ்ட்ஃபீல்டு ஒன்றை வைத்துவிடும். பயனர் தட்டச்சுவது திரையில் இருக்கும் கட்டத்தில். நிரல் படிப்பது யார் கண்ணுக்கும் தெரியாத வேறொரு கட்டத்தில். எத்தனை முறை எடையை அடித்தாலும் நிரலுக்குக் கிடைப்பது வெற்றுச் சரம்தான். மணிக்கணக்கில், பொத்தான் அழுத்தப்படுவதைக் கவனிக்கும் லிஸனரைச் சந்தேகித்துக்கொண்டிருக்கும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தீர்வு எளியது. கன்ஸ்ட்ரக்டரில் சூப்பர் அழைப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பெட்டியைத் திறப்பதற்கென்று தனியாக ஒரு மெத்தடு எழுதி, படிவத்தை அமைப்பது, பேக் செய்வது, திரையில் காட்டுவது, விடையைத் திருப்புவது ஆகிய நான்கையும் அந்த வரிசையிலேயே அதற்குள் வைக்க வேண்டும். அந்த மெத்தடு அழைக்கப்படும்போது இரண்டு கன்ஸ்ட்ரக்டர்களும் முடிந்திருக்கும் என்பதால் எல்லா ஃபீல்டுகளும் ஆயத்தமாக இருக்கும். 2025 செப்டம்பரில் வெளியான ஜாவா 25 சூப்பர் அழைப்புக்கு முன்பே ஃபீல்டுகளுக்கு மதிப்புக் கொடுக்க இடமளிக்கிறது. ஆனாலும் பழைய பதிப்புகளிலும் ஓட வேண்டிய நிரலுக்குத் தனி மெத்தடே பாதுகாப்பு.

ஜேடயலாக்கை உறுப்பாக வைத்துக்கொள்ளும் மூன்றாவது வழியைப் பற்றி நியாயமாகச் சில சொல்ல வேண்டும். ஜேடயலாக்கை எக்ஸ்டெண்ட் செய்தால் அதன் பொது மெத்தடுகள் அத்தனையும் நம் கிளாஸின் வழியே வெளியே தெரியும். அழைப்பவர் பெட்டியின் அளவையோ தலைப்பையோ மாற்றிவிடலாம். ஜாவாவில் ஒரு கிளாஸை மட்டுமே எக்ஸ்டெண்ட் செய்ய முடியும் என்பதால் அந்த ஒரே வாய்ப்பும் இதில் செலவாகிவிடுகிறது. ஜேடயலாக்கை உள்ளே பிரைவேட்டாக வைத்துக்கொண்டு, படிவத்தையும் சரிபார்ப்பையும் ஓர் இன்டர்ஃபேஸ் (எந்த மெத்தடுகள் இருக்க வேண்டும் என்ற பட்டியல்) வழியாக வாங்கிக்கொள்ளும் கிளாஸ் எழுதினால் இந்த இரண்டு குறைகளும் இல்லை. மேலே சொன்ன பராமரிப்பு வசதியும் பெரும்பாலும் கிடைத்துவிடும். பலர் சேர்ந்து எழுதும் பெரிய நிரல்களில் இதுவே சிறந்தது என்று நினைக்கிறேன். ஆனால் நான் எழுதியவை ஒருவரே பார்த்துக்கொள்ளும் அளவிலான நிரல்கள் என்பதால் அழுத்திச் சொல்ல மாட்டேன். சப்கிளாஸ், ஓவர்ரைடு (தாயின் மெத்தடைச் சப்கிளாஸில் மாற்றி எழுதுவது), அப்ஸ்ட்ராக்ட் ஆகியவற்றை இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, அவை ஏன் இருக்கின்றன என்பதைக் கண்முன் காட்டுவது டயலாக் பாக்ஸின் பொது கிளாஸ்தான்.

ஒரு வரம்பு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஜேடயலாக், அதன் கீழ் பொது கிளாஸ், அதன் கீழ் படிவங்கள். அத்தோடு நிற்க வேண்டும். விதைநெல் விற்பனைக்குப் பெட்டி வேண்டும் என்றபோது, அதிலும் அம்பை 16 போன்ற ரகமும் மூடையும் எடையும் வருவதால், நெல் வரவுப் பெட்டியையே எக்ஸ்டெண்ட் செய்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் நெல் வரவில் ஈரப்பத விதியை மாற்றும் ஒவ்வொரு முறையும் விதைநெல் விற்பனையும் சேர்ந்து மாறும். இரண்டுக்கும் பொதுவான கட்டங்களைத் தனி ஜேபேனலாக எழுதி, இரண்டு படிவங்களும் அந்தப் பேனலைத் தத்தமக்குள் வைத்துக்கொள்வதுதான் முறை.