பிஆர்சிஏ ஜீன் டெஸ்ட் எடுத்தோம்: லேப் சுமார், கவுன்சிலர் அருமை

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், அதற்கு முன்பே சித்திக்குச் சினைப்பையில். இரண்டையும் சேர்த்துப் பார்த்த டாக்டர் பிஆர்சிஏ டெஸ்ட் எடுத்துவிடச் சொன்னார். இந்த இரு புற்றுநோய்களுக்கும் வாய்ப்பைக் கூட்டும் மாற்றம் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற ஜீன்களில் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் அது. சென்னையில் ஒரு தனியார் லேபில் கொடுத்தோம், பெயர் போடவில்லை.

ரத்தம் எடுத்ததில் குறை ஒன்றுமில்லை. சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வந்த தம்பி, ஊதா மூடி ட்யூபில் எடுத்து, பார்கோடு ஒட்டி, அம்மா வாயாலேயே பெயரையும் வயதையும் சொல்லவைத்துச் சரிபார்த்துக்கொண்டு போனார்.

சொதப்பல் எல்லாம் போனில்தான். "அம்மாவுக்குத்தான் ஏற்கெனவே வந்துடுச்சே சார், உங்க அக்காவுக்கு எடுங்க, பேக்கேஜ்ல குறையும்" என்றார் புக்கிங்கில் பேசியவர். இது தலைகீழ். நோய் வந்தவருக்குத்தான் முதலில் எடுக்க வேண்டும். அவருக்கு எந்த இடத்தில் மாற்றம் என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகளுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் வெகுவாகக் குறையும். அதை விட்டு அக்காவுக்கு எடுத்து 'இல்லை' என்று வந்திருந்தால், குடும்பத்தில் ஓடுவது அவளுக்கு வரவில்லையா, இல்லை இந்த டெஸ்டில் சிக்காத வேறு எதுவுமா என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

இதை விளக்கியது அதே லேபின் ஜெனெடிக் கவுன்சிலர். அந்த அம்மாவுக்குத் தாராளமாக ஐந்து நட்சத்திரம். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம், நோய் வந்தவர்களுக்குக் கறுப்பு என்று பேப்பரில் போட்டுக்கொண்டே அப்பா வழி அத்தைகள் வரை விசாரித்தார். மார்பகப் புற்றுநோய் என்றாலே அம்மா வழி மட்டும்தான் என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு. இந்த மாற்றம் அப்பாவிடமிருந்தும் வரும், பிள்ளை ஆணோ பெண்ணோ சரிபாதி வாய்ப்பு.

ரிசல்ட் வந்தது ராத்திரி, வாட்ஸ்அப்பில், பிடிஎஃப்பாக. கவுன்சிலிங் அதற்கு அப்புறம்தானாம்! முதல் பக்கத்தில் சிவப்பில் பிஆர்சிஏ1 பாசிட்டிவ். அம்மா கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அக்கா கூகுளில் 72 சதவீதம் என்று படித்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அந்த மாற்றம் இருக்கும் பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவோர் ஏறக்குறைய அவ்வளவு பேர், சினைப்பையில் 44. ஆனால் அவளுக்கு அது இருக்கிறதா என்பதே அப்போது தெரியாது. எடுத்துச் சொல்லத்தான் அந்த நேரத்தில் ஆளில்லை.

இரண்டாம் பக்கத்தில் பிஆர்சிஏ2-இல் ஒரு மாற்றம், 'விளைவு தெரியவில்லை' என்ற குறிப்போடு. அதை வைத்து எந்த முடிவும், முக்கியமாக ஆபரேஷன் முடிவு, எடுக்கக் கூடாது என்றார் கவுன்சிலர். ஒப்பிடும் தரவுகளில் பெரும்பாலும் ஐரோப்பியர்கள்தான் என்பதால் நம்மவர்களுக்கு இப்படி அதிகம் வருகிறது. இந்தியர்களின் மரபணுக்களைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 பேர் தரவு ஆய்வாளர்களுக்குக் கிடைத்ததே 2025 ஜனவரியில்தான். பின்னால் அந்த மாற்றத்துக்கு அர்த்தம் தெரிந்தால் லேப் தானாகக் கூப்பிடுமா? கூப்பிடாதாம், நாம்தான் அவ்வப்போது கேட்க வேண்டுமாம். ஒரு நட்சத்திரம் அங்கே போச்சு.

விலை இருபதாயிரத்துச் சொச்சம். வலிக்கும்தான். ஆனால் 1990-இல் ஆய்வாளர் மேரி-கிளேர் கிங் பிஆர்சிஏ1 ஜீன் 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டி, 1994-இல் ஜீனே கையில் சிக்கியபின், மிரியட் என்ற கம்பெனி அதற்குக் காப்புரிமை வாங்கி வைத்துக்கொண்டு அமெரிக்காவில் டெஸ்டுக்கு 3,000 டாலருக்கு மேல் வாங்கியது. இயற்கையான டிஎன்ஏவுக்குக் காப்புரிமை கிடையாது என்று 2013-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மிரியட் விலையோடு பார்த்தால் பரவாயில்லை. பணம் கட்டும் முன் எம்எல்பிஏ என்ற சோதனையும் சேர்த்தியா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். ஜீனில் பெரிய துண்டே விடுபட்டிருந்தால் அதில்தான் உறுதியாகத் தெரியும்.

அப்புறம் எங்களுக்கும் எடுத்தோம். அக்காவுக்கு இல்லை, எனக்கு இருக்கிறது. மகளுக்கு எடுக்கலாமா என்று கேட்டேன். பதினெட்டு ஆகட்டும், அவளே முடிவு செய்யட்டும் என்றார் கவுன்சிலர். புக்கிங்கிலிருந்து அதே வாரம் மெசேஜ்: "சார், பாப்பாவுக்கும் போட்டுடலாமா? ஆஃபர் இருக்கு."