"அளவைக் கூட்டுங்கள்"

வேறொரு சாயப்பட்டறையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைக் கவனித்துக்கொள்ளும் நண்பர் கேட்டார்: "அந்தக் கலப்பு பாக்டீரியா பொடியை வாங்கலாமா?" நிறத்தைப் போக்க, கழிவுநீர்த் தொட்டியில் போடும் பொடி அது. மூன்று ஆண்டுகளாக அதோடு பழகியவன் நான். இருந்தும் ஆமாம், இல்லை என்று பட்டென்று சொல்ல வரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். துணிக்குப் போடும் அசோ வகைச் சாயத்தை வெறும் காற்றூட்டத்தால் அசைக்க முடியாது. காற்றில்லாத தொட்டியில்தான் அதன் நைட்ரஜன் பிணைப்பு உடைந்து நிறம் போகும். அப்போது பிறக்கும் அரோமேட்டிக் அமைன்கள் நிறமற்றவை, ஆனால் சாதுவானவை அல்ல. அவற்றை அடுத்த தொட்டியில் ஆக்சிஜனோடு வாழும் பாக்டீரியாக் கூட்டம் தின்றாக வேண்டும். ஒரே இனத்தை நம்பி இறங்கக்கூடிய வேலை இல்லை இது; ஒன்று தின்று கழித்தது இன்னொன்றுக்கு உணவு. பொடி போட ஆரம்பித்த ஆறாவது வாரம், கருஞ்சிவப்பாக உள்ளே போன நீர் வெளிர்மஞ்சளாக வெளியே வந்தது. ஒரு குவளையில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மகிழ்ச்சியை மறுக்க மாட்டேன்.

எரிச்சல் வேறு இடத்தில். கசடு, அதாவது தொட்டியில் திரண்டு வாழும் பாக்டீரியாக் கூட்டம், ஒழுங்காகப் படிகிறதா என்று தினமும் காலையில் ஒரு லிட்டர் சிலிண்டரில் பார்ப்போம். அரை மணி நேரத்தில் 300 மில்லி அளவுக்கு இறங்கிவிடும். சென்ற ஆண்டு அது 450 ஆனது, பிறகு 700. சிலிண்டருக்குள் கசடு பஞ்சுப்பொதி போல உப்பிக்கொண்டு, இறங்கவே மனமில்லாமல் நின்றது. விற்பனையாளரை அழைத்தேன். "அளவைக் கூட்டுங்கள்" என்றார். கூட்டினேன். நுரை பொங்கியது. "இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள்." நாற்றம் வந்தது. அதற்கும் அதே மருந்து! பையில் என்னென்ன இனங்கள் இருக்கின்றன என்று கேட்டால் மட்டும் பதில் வராது. ஒரு கிராமில் எத்தனை கோடி என்பதுதான் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும்.

கடைசியில் தொட்டியை வடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அடியிலிருந்து காற்றைக் குமிழ்களாக விடும் டிஃப்யூசர் ரப்பர்களில் பாதிக்கு மேல் உப்புப் படிந்து அடைத்துக் கிடந்தன. ஆக்சிஜன் பற்றாக்குறை என்றால் இழை பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம். அவை நீண்டு பின்னிக்கொண்டால் கசடு படியாது. இதில் என் பங்கும் உண்டு. ஆக்சிஜன் மீட்டரை நான் எப்போதும் படிக்கட்டருகே, கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இறக்குவேன். அங்கே லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஒழுங்காகக் காட்டியது. எதிர் மூலையில் 0.4.

ரப்பர்களை மாற்றிய பிறகு பொடியை அடியோடு நிறுத்திப் பார்த்தேன். மூன்றே வாரத்தில் சிலிண்டர் 320க்கு வந்துவிட்டது. நிறம் பழையபடி ஏறவும் இல்லை. ஒருவேளை பொடியில் வந்தவை ஏற்கனவே குடியேறிவிட்டனவோ, அல்லது எங்கள் கசட்டிலேயே இருந்தவைதான் மெல்லப் பழகிக்கொண்டனவோ, யார் கண்டது? புதிதாகப் போடும் பாக்டீரியாக்களைப் புரோட்டோசோவா என்ற ஒருசெல் உயிரிகள் மேய்ந்துவிடும். மெதுவாக வளர்பவை வெளியேற்றும் கசட்டோடு போய்விடும். ஒரு முறை யாரோ வால்வைத் தவறாகத் திறந்து, ப்ளீச்சிங் தொட்டி முழுவதும் உள்ளே இறங்கிக் கூட்டமே செத்துப்போனது. அப்போது பக்கத்து ஆலையிலிருந்து ஒரு லாரி கசடும் கொண்டுவந்தோம், பொடியும் போட்டோம். இரண்டு வாரத்தில் மீண்டது. பெருமையைப் பொடிக்கே முழுதாகக் கொடுக்க மனம் வரவில்லை.

நிறம் போக்கியதற்கு முழு மதிப்பெண். ஆனாலும் நண்பருக்கு "வாங்காதீர்கள்" என்றுதான் எழுதினேன். முதலில் ஆக்சிஜன் மீட்டரைத் தொட்டியின் நான்கு மூலைகளிலும் இறக்கிப் பாருங்கள், 100 பங்கு பிஓடிக்கு (கழிவைத் தின்ன பாக்டீரியாக்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) 5 பங்கு நைட்ரஜனும் 1 பங்கு பாஸ்பரஸும் கிடைக்கிறதா என்று பாருங்கள், பொடியைப் பிறகு பேசலாம் என்றேன்.

விற்பனையாளர் நேற்றும் அழைத்தார். புதிய கலவை வந்திருக்கிறதாம். இதில் பாதி அளவே போதுமாம்.