குமிழியா, கதிரியக்கமா?

இதயத் தசைக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கும் நியூக்ளியர் ஸ்கேனில் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஊசியில் போட்டு, அதன் கதிர்களைப் பிடிக்கும் காமா கேமராவில் படம் எடுப்பார்கள். நன்றாகப் பழகிய முறைதான், ஆனால் கதிர்வீச்சு உண்டு.

அதையே ஒலி அலைகளால் பார்க்கும் இதய அல்ட்ராசவுண்ட் முறை, கான்ட்ராஸ்ட் எக்கோ. இதில் ஊசியில் போவது சிவப்பணுவைவிடச் சிறிய வாயுக் குமிழிகள். எனக்குப் பிடித்த கட்டம் இதுதான்: பலமான ஒலி அலையை ஒரு கணம் அனுப்பினால் தசையிலுள்ள குமிழிகள் உடைந்து திரையில் தசை கறுத்துவிடும். அப்புறம் நொடிகளை எண்ண வேண்டியதுதான். ரத்தத்தோடு புதுக் குமிழிகள் வந்து, ஓய்வு நிலையில் சுமார் 5 நொடிக்குள் தசை மறுபடி வெளுத்தால் சரி. ஓர் ஓரம் மட்டும் கறுப்பாகவே நின்றால் அங்கே ரத்த ஓட்டம் குறைவு என்று சந்தேகிக்கலாம். வாயு மூச்சோடு வெளியேறிவிடும், கட்டிலருகிலேயே செய்யலாம்.

ஆனால் சிலருக்கு நெஞ்சுக்கூட்டின் வாகால் படமே தெளிவாக விழாது. கைதேர்ந்தவர் எடுத்தால் என் ஓட்டு குமிழிக்கே, இல்லாவிட்டால் நியூக்ளியர்தான்.