ரீல் டிராக்கைத் தராசு வைத்து அளப்பது: நீண்ட நாள் அனுபவம்

மீன் பாயும்போது தூண்டில் ரீல் எவ்வளவு விசையில் நரம்பை விட்டுக்கொடுக்கும் என்பதை வைக்கும் பிரேக்தான் டிராக். அதைக் கையால் இழுத்துப் பார்த்து வைப்பவர்கள்தான் நம் கரைகளில் அதிகம். நான் சில வருடங்களாகத் தராசில் அளந்துதான் வைக்கிறேன். பாறை மீன், சீலா, முகத்துவாரத்தில் கொடுவா என்று 4000, 5000 அளவு ஸ்பின்னிங் ரீல்களோடு அலைபவர்கள் எல்லோரும் இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்பேன். 3 கிலோ இழுவைக்கும் 4.5 கிலோ இழுவைக்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குச் சரியாகப் பிடிபடாது. ஈரக் கையில் பிரெய்டு (இழைகளைப் பின்னிய நரம்பு) வழுக்கும்போது சுத்தமாகத் தெரியாது.

கணக்கு எளிது. நரம்பு அறுபடும் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை டிராக் வைக்கலாம். 30 பவுண்டு நரம்பு என்றால் 13.6 கிலோ, டிராக் 3.4 முதல் 4.5 கிலோ வரை வரும். நான் கால் பங்கை ஒட்டியே வைப்பேன். முடிச்சுப் போட்ட இடத்தில் பலம் குறைகிறது, கல்லில் உரசிய லீடரில் (நுனியில் கட்டும் தனி நரம்பு) இன்னும் குறைகிறது. ரீல் பெட்டியில் அதிகபட்ச டிராக் 10 கிலோ என்று போட்டிருந்தாலும் இந்த நரம்பில் அது பயன்படப் போவதில்லை. 4 கிலோவில் ஸ்பூல் (நரம்பு சுற்றிய உருளை) எவ்வளவு சீராக ஓடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு எந்தத் தராசு? லக்கேஜ் எடை பார்க்கும் டிஜிட்டல் தராசும் வைத்திருக்கிறேன், முள் நகரும் ஸ்பிரிங் தராசும் வைத்திருக்கிறேன். என் ஓட்டு ஸ்பிரிங் தராசுக்கே. நின்றிருக்கும் ஸ்பூல் கிளம்ப ஒரு விசை வேண்டும். ஓட ஆரம்பித்ததும் அதைவிடக் குறைவான விசை போதும். என்னிடம் உள்ள டிஜிட்டல் தராசு ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறது, இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. ஸ்பிரிங் தராசில் முள் எகிறி இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். 10 கிலோ வரை காட்டுவதே போதும். 50 கிலோ தராசில் கோடுகள் நெருக்கமாக இருப்பதால் அரை கிலோ வித்தியாசம் தெரியாது. உப்புக் காற்றில் ஸ்பிரிங் துருப்பிடிக்கும், அதனால் மூடிய டப்பாவில் வையுங்கள். சந்தேகம் வந்தால் நிறைய தண்ணீர் பிடித்த 2 லிட்டர் பாட்டிலைத் தொங்கவிடுங்கள்: 2 கிலோவுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும்.

என் ரீல் ஒன்றில் முள் முதலில் 5 கிலோவுக்கு எகிறி, பிறகு 3.5க்கு இறங்கியது. கையால் இழுத்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது! ஆனால் மீன் திடீரென்று பாயும் அந்த முதல் நொடியில் நரம்பு தாங்குவது 5 கிலோவை. திறந்து பார்த்தால் உள்ளே டிராக்குக்கு உராய்வு கொடுக்கும் ஃபெல்ட் வாஷர் காய்ந்து கிடந்தது. அதை எடுத்துவிட்டு, கார்பன் வாஷரில் டிராக் கிரீஸ் மெல்லியதாகத் தடவிப் போட்டதும் எகிறல் கால் கிலோவுக்குள் அடங்கிவிட்டது. சாதாரண எண்ணெய் மட்டும் விடாதீர்கள்.

அளக்கும்போது ராடை 45 டிகிரியில் தூக்கிப் பிடியுங்கள்; கூட வந்தவர் தராசோடு மெதுவாகப் பின்னால் நடக்கட்டும். வளைந்த ராடின் வளையங்களில் நரம்பு உராய்வதால் இழுவை கூடும். என் செட்டில் ரீலிலிருந்து நேராக 3.5 காட்டுவது, ராடு வளைந்தால் 4 தாண்டுகிறது. பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்க வேண்டாம், சதையை அறுத்துவிடும்.

மோனோ (ஒற்றை இழை நரம்பு) போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு போகப் போக ஸ்பூலில் சுற்று இளைக்கும், இழுவை தானாக ஏறும். சுற்றின் விட்டம் 60 மில்லிமீட்டரிலிருந்து 45க்கு வந்தால், 3.5 கிலோ டிராக் 4.6 கிலோவைத் தாண்டிவிடும். மீன் தூரம் போய்விட்டதே என்று பதறி அப்போது டிராக் நாபை (திருகும் குமிழை) இறுக்கினால் நரம்பு போய்விடும். மெல்லிய பிரெய்டில் இந்தத் தொல்லை குறைவு.

வீட்டுக்கு வந்ததும் நாபை இறுக்கிக்கொண்டு நல்ல தண்ணீரில் மெதுவாக அலசுகிறேன், உள்ளே தண்ணீர் புகாது. காய்ந்த பிறகு முழுக்கத் தளர்த்தி வைக்கிறேன், வாஷர்கள் நசுங்கிக் கிடக்காது. அதனால் அடுத்த முறை போகும்போது மறுபடி அளந்தாக வேண்டும். லீடர் கட்டி முடித்த பிறகு இரண்டு நிமிட வேலை.