இருவருக்கும் வேலை, பிள்ளைகளுக்கு வீட்டுக்கல்வி: மூன்று வருட அனுபவம்

நானும் கணவரும் முழுநேர வேலை பார்க்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. மூன்று வருடமாகப் பாடமெல்லாம் வீட்டில்தான்.

முதல் மூன்று மாதம் பள்ளிக்கூட அட்டவணையை அப்படியே சுவரில் ஒட்டினோம். ஒருநாள் ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டே மகளின் பெருக்கல் கணக்கைத் திருத்தினேன். இரண்டிலும் தப்பு. அன்று ராத்திரியே அட்டவணையைக் கிழித்தோம்.

பள்ளி நேரம் ஒரு வகுப்பு முழுக்க இருக்கும் பிள்ளைகளுக்கானது. இரண்டு பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர அவ்வளவு நேரம் வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குச் சின்னச் சின்னப் பாடம் போதும் என்று ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் நூறு வருடத்துக்கு முன்பே வலியுறுத்தினார். எங்கள் மகனுக்கு ஒரே மூச்சில் பதினைந்து நிமிடம்தான் தாங்கும்.

உண்மையான சிக்கல் பாடத்தில் இல்லை, பகல்பொழுதில்தான். கணவர் மதிய ஷிப்ட் கேட்டு வாங்கினார். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை கணக்கும் மொழியும் அவர் பொறுப்பு. நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். அவர் கிளம்பிய பிறகு பிள்ளைகள் பக்கத்து அறையில் தாங்களாகப் படிப்பார்கள், வரைவார்கள். கான் அகாடமி என்கிற இணையப் பாடத்தளம் இலவசம், நன்றாகவே இருக்கிறது. ஆனால் வீடியோவைப் பார்த்ததோடு விட்டால் எதுவும் தங்காது. சாயங்காலம் எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

எங்களைக் காப்பாற்றியது ஒரு கேள்வி நோட்டு. என் அறைக்கதவு மூடியிருந்தால் கேள்வியை அதில் எழுதி வைக்க வேண்டும். ஒருநாள் டப்பா மூடியை வைத்து வட்டம் வரைந்து, "இதுக்கு ஏன் 360 டிகிரி? 100 வெச்சிருக்கலாமே?" என்று மகள் எழுதியிருந்தாள். பாபிலோனியர்கள் அறுபதை வைத்து எண்ணியதையும், மணிக்கு 60 நிமிடம் வந்த வழியையும் சொன்னேன். அப்புறம் 360ஐ ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்க்க உட்கார்ந்தாள். பத்துக்குள் ஏழு மட்டும்தான் மீதி வைத்தது. அடுத்து 100ஐ வகுத்தாள். மூன்றிலேயே மீதி வந்துவிட்டது. வகுத்தல் அவளுக்குப் பிடிபட்டது அன்றைக்குத்தான்.

இழப்பும் உண்டு. வார நாளில் நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவதே அபூர்வம். மகனுக்குத் தன் வயதுத் தோழர்கள் போதவில்லை. சனிக்கிழமைகளை விளையாட்டுக்கே விட்டுவிட்டோம். தொடங்குபவர்கள் முதலில் தங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். ஜெர்மனியில் பொதுவாக இதற்கு அனுமதி கிடையாது.

அடுத்த மாதம் கணவருக்கு ஷிப்ட் மாறுகிறது. காலைப் பாடம் எனக்கு வரும், கேள்வி நோட்டு அவருக்குப் போகும்.