டிஜி ட்ரெய்னிங் என்ற பெயரில் 1,86,000 ரூபாய் போச்சு: ஏர்கிராஃப்ட் ஷாப் வைத்திருப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்

கை நடுங்குகிற கோபத்தில் எழுதுகிறேன். அங்கங்கே கோர்வையில்லாமல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தொகையை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் ரூபாய். தலைக்கு 15,500 வீதம் 12 பேருக்கு. வாங்கியது டிஜி, அதாவது டேஞ்சரஸ் கூட்ஸ் என்கிற ஆபத்தான சரக்கைக் கையாளும் பயிற்சி. வந்து சேர்ந்தது 12 பிடிஎஃப்.

எங்களுடையது சின்ன காம்பொனென்ட் ஷாப். விமானத்திலிருந்து கழற்றி வரும் ஆக்ஸிஜன் சிலிண்டர், தீயணைப்பு பாட்டில் இதெல்லாம்தான் வேலை. ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) போட்டு, வால்வைப் பார்த்து, நிரப்பி, டேக் கட்டி அனுப்புவோம். விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் சிஏஆர்-145 அப்ரூவல், அதாவது ரிப்பேர் ஷாப் நடத்தும் ஒப்புதல், இருக்கிறது. நிரப்பின சிலிண்டரை வெளியூருக்கு விமானத்தில் அனுப்புவதென்றால் அது சாதாரண பார்சல் இல்லை, டேஞ்சரஸ் கூட்ஸ். பேக் பண்ணுகிறவர், லேபிள் ஒட்டுகிறவர், ஷிப்பர்ஸ் டிக்ளரேஷனில் (சரக்கைப் பற்றி அனுப்புகிறவர் கொடுக்கும் உறுதிமொழிச் சீட்டு) கையெழுத்துப் போடுகிறவர் என்று எல்லாருக்கும் அவரவர் வேலைக்கான பயிற்சி இருந்தாக வேண்டும். இதற்கென்றே 2003-ல் தனி விதிகள் வந்துவிட்டன. பயிற்சிக்கு டிஜிசிஏ ஒப்புதல் வேண்டும், 24 மாதத்துக்குள் திரும்ப எடுக்க வேண்டும். எங்கள் பையன்களுக்கு அந்தத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அமெரிக்காவின் விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏவின் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு யோசனை. வெளிநாட்டு ஷாப் விண்ணப்பித்தாலும், சம்பந்தப்பட்ட ஆட்களுக்கு ஐகாவோ (சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) விதிப்படி பயிற்சி கொடுத்தாகிவிட்டது என்று எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு ஆன்லைன் பயிற்சித் தளத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. "டிஜிசிஏ, எஃப்ஏஏ இரண்டுக்கும் ஒரே பேக்கேஜ், மேனுவல் இலவசம்." பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். இந்தத் துறையில் இருக்கிறவர்களுக்குப் போகப் போகப் புரியும்.

அந்தத் தளத்தின் சார்பில் வீடியோ காலில் வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். விலையைப் பற்றி அவராகப் பேச்சே எடுக்கவில்லை. வேல்யூஜெட் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் கதையைச் சொன்னார். 1996 மே 11, மியாமியிலிருந்து அட்லாண்டா கிளம்பின 592-ஆம் விமானம். சேப்ர்டெக் என்ற ரிப்பேர் கம்பெனி வேறு விமானங்களிலிருந்து கழற்றிய காலாவதியான ஆக்ஸிஜன் ஜெனரேட்டர்களை (பயணிகளின் மாஸ்க்குக்கு ரசாயனத்தால் ஆக்ஸிஜன் உண்டாக்கும், அப்போது கடுமையாகச் சூடாகும் குப்பிகள்) அட்டைப் பெட்டியில் போட்டு ஏற்றிவிட்டது. தானாக இயங்காமல் தடுக்க மேலே மாட்ட வேண்டிய பிளாஸ்டிக் மூடி ஒன்றில்கூட இல்லை. மாட்டியாகிவிட்டது என்று வொர்க் கார்டில் மட்டும் கையெழுத்து இருந்தது. சரக்குக்கான சீட்டில் 'காலி' என்று எழுதியிருந்தார்கள். நடுவானில் தீப்பிடித்து சதுப்பு நிலத்தில் விழுந்தது, 110 பேரும் போனார்கள்.

"சார், அந்தக் கேஸ்ல கடைசி வரைக்கும் நின்னது எந்தக் குற்றச்சாட்டு தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "1999-ல தண்டிச்சாங்க, 2001-ல அப்பீல்ல மத்ததெல்லாம் தள்ளுபடி ஆயிருச்சு. ஆளுங்களுக்குப் பயிற்சி கொடுக்கலங்கற ஒண்ணு மட்டும் நின்னுச்சு. அதனாலதான் சார் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் விழுந்தேன். பிறகு தேடிப் பார்த்தேன், அவர் சொன்னது அத்தனையும் நிஜம். என் வயிறு எரிவதே அதனால்தான். ஒன்றும் தெரியாத ஆள் ஏமாற்றினால் தெரியாமல் செய்தான் என்று விட்டுவிடலாம். இந்த ஆளுக்கு எல்லாம் தெரியும். பயிற்சி இல்லாமல் வெறும் கையெழுத்து என்ன செய்யும் என்று எனக்கே பாடம் எடுத்துவிட்டு, எனக்கு வெறும் கையெழுத்தை விற்றார்.

அப்ரூவல் இருக்கிறதா என்று கேட்கத்தான் செய்தேன். ஸ்க்ரீன் ஷேரில் டிஜிசிஏ லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் காட்டினார். காப்பி கேட்டதற்கு, "பேமென்ட் ஆனதும் வெல்கம் கிட்டோட வந்துரும் சார்" என்றார். 1,86,000 போனது. வெல்கம் கிட்டில் ஒரு லிங்க், ஒரு பாஸ்வேர்டு, ஒரு மேனுவல். கடிதம் இல்லை.

மேனுவலை என் ஸ்டோர்ஸ் பையன்தான் முதலில் முழுசாகப் படித்தான். "அண்ணே, இதுல ரயில்வே டேங்கர் பத்தியெல்லாம் வருதுண்ணே" என்று சிரித்தான். அமெரிக்காவில் லாரிக்கும் ரயிலுக்கும் போட்ட விதியை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள். நடுப் பக்கம் ஒன்றில் வேறொரு கம்பெனியின் பெயர்கூட அழியாமல் இருந்தது. பரீட்சை என்ற பெயரில் பத்துக் கேள்வி, தப்பாகத் தொட்டால் சரியான விடை பச்சையாக மின்னும், திரும்பத் தொட்டுக்கொள்ளலாம். ஒப்புக்கு அரைமணி நேரம். அன்றைக்கே போன் போட்டேன். "லைவ் செஷன் தனியா வரும் சார், இது வெறும் வார்ம் அப்" என்றார். லைவ் செஷன் வரவே இல்லை, சான்றிதழ்தான் வந்தது.

அந்தச் சான்றிதழின் லட்சணம் கார்கோ கவுன்டரில் தெரிந்தது. ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர், ஏர்லைன்காரர்கள் அவசரம் என்று துரத்திக்கொண்டிருந்தார்கள். பையன் மேனுவலில் இருந்த படத்தைப் பார்த்து அப்படியே பச்சை லேபிள் ஒட்டி எடுத்துப் போயிருக்கிறான். சரக்கைச் சரிபார்த்து வாங்கும் அக்செப்டன்ஸில் இருந்தவர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தம்பி, மஞ்சள் எங்க?" என்று கேட்டிருக்கிறார். யுஎன் 1072, ஆபத்தான சரக்குப் பட்டியலில் அழுத்திய ஆக்ஸிஜனுக்கான எண். தீப்பிடிக்காத வாயு என்பதற்குப் பச்சை, அது தீயை ஊட்டி வளர்க்கும் என்பதற்கு மஞ்சள், இரண்டும் வேண்டும். ஆக்ஸிஜன் ஷாப்புக்கு விற்ற பாடத்தில் ஆக்ஸிஜனுக்கே பாதி லேபிள்தான் போட்டிருந்தார்கள்!

அதற்கப்புறம் அவர் சான்றிதழை வாங்கிப் பார்த்திருக்கிறார். டிஜிசிஏ அப்ரூவல் நம்பர் இல்லை. பாடம் எடுத்தவர் பெயர் இல்லை. 'மூன்று ஆண்டுகள் செல்லும்' என்று தங்க எழுத்தில் மட்டும் இருக்கிறது. அந்த மூன்று ஆண்டு அமெரிக்க உள்நாட்டு விதியின் கணக்கு, இங்கே விமானச் சரக்குக்கு 24 மாதம்தான். பெட்டி திரும்பி வந்தது. ஏர்லைனிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "போர்ட்டல் அப்டேட் ஆகுது சார்". அடுத்து "அந்த ஏர்லைன் ஓவர் ஸ்ட்ரிக்ட், வேற ஏர்லைன்ல போடுங்க". அதற்குப் பிறகு அவரே எடுப்பதில்லை, 'கஸ்டமர் சக்சஸ்' என்று ஒரு பெண் பேசினார். பாவம், அவருக்கு டிஜி என்றால் என்னவென்றே தெரியவில்லை. "உங்க கன்சர்ன் எஸ்கலேட் பண்ணியிருக்கேன் சார்" என்ற ஒரே வரிதான். பணத்தைத் திருப்பிக் கேட்டால், லிங்க்கைத் திறந்துவிட்டால் ரீஃபண்ட் கிடையாதாம். திறக்காமல் எப்படித் தெரியும் அது குப்பை என்று? உச்சக்கட்டமாக ஒரு மெயில் வந்தது. இன்னும் 40,000 கட்டினால் 'டிஜிசிஏ வெர்ஷனுக்கு' அப்கிரேடு செய்து தருவார்களாம். அப்படியானால் 1,86,000-க்கு என்ன வெர்ஷன் கொடுத்தார்கள்? ஜிஎஸ்டி பில் கேட்டதற்கும் இதுவரை பதில் இல்லை.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், தொழிலுக்காக வாங்கியது என்பதால் அங்கே நிற்பது கஷ்டம் என்கிறார் வக்கீல். 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். நோட்டீஸ் போகப் போகிறது. 12 பேருக்கும் ஒப்புதல் பெற்ற இடத்தில் மறுபடி பணம் கட்டி, நிஜமான வகுப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அது முடியும் வரை சிலிண்டர் விமானத்தில் அனுப்பும் வேலை அப்படியே நிற்கிறது. 1,86,000 என்பது இந்த நஷ்டமெல்லாம் சேர்க்காத கணக்கு.

விவரமாக டிப்ஸ் எழுதுகிறேன் என்று வாட்ஸ்அப் குரூப்பில் சொல்லியிருந்தேன். பொறுமை இல்லை, இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'அமெரிக்க டிஓடி (போக்குவரத்துத் துறை) அப்ரூவ்டு கோர்ஸ்' என்று யார் சொன்னாலும் போனை வையுங்கள். அங்கே அரசாங்கம் எந்தக் கோர்ஸுக்கும் அப்படி முத்திரை குத்துவதில்லை, பயிற்சியும் பரீட்சையும் முடிந்தது என்று முதலாளிதான் சான்று எழுதி வைக்க வேண்டும். இங்கே ஒப்புதல் கடிதத்தின் காப்பி கையில் வராமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள், அந்த நம்பரை டிஜிசிஏவிடமே கேளுங்கள். சான்றிதழில் பாடம் எடுத்தவர் பெயர் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

அப்புறம், அந்த ஆள் இப்போது வேறு பெயரில் விளம்பரம் போட ஆரம்பித்திருக்கிறார். லோகோவும் நிறமும் மாறியிருக்கிறது. உள்ளே அதே சிலிண்டர் படம், அதே பச்சை லேபிள் மட்டும். தலைக்கு 13,999, இந்த வாரம் வரைக்கும் ஆஃபராம்.